ஒரு தலைவர் பக்கம் மக்கள் ஏன் நிற்கிறார்கள்?



கம்போங் ராஜாவில் மாலை நேரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் போதும், நாட்டு நடப்பு முழுவதும் நம் காதில் விழும். உர விலை, கோசு விலை, சிம்பாங் பூலாய் சாலையில் மண் சரிந்த செய்தி என்று பேச்சு போகும். அதுவரைக்கும் எல்லாரும் ஒரே பக்கம்தான். முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கின் பெயர் வந்துவிட்டால் மேசை இரண்டாகப் பிரிந்துவிடும். "அவர் இருந்தபோதுதான் கையில் நாலு காசு புழங்கியது" என்பார் ஒருவர். "நாட்டுப் பணத்தைப் பறிகொடுத்தவரை இன்னும் தூக்கிப் பிடிக்கிறாயே" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் மாமன் மச்சானாகக்கூட இருப்பார்கள். தே ஆறிப்போகும். சில வீடுகளில் உறவே ஆறிப்போனதுண்டு.

இன்று நாம் பேசவிருப்பது நஜிப் நல்லவரா கெட்டவரா என்பது பற்றியல்ல. குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் கேட்கப்போகும் கேள்வி வேறு. நாட்டை இரண்டாகப் பிரித்து நிறுத்திய ஒரு தலைவருக்கு, அதுவும் பதவி போய் வழக்கு வந்த பிறகும், இத்தனை பேர் ஏன் ஆதரவு தந்தார்கள்? அந்த ஆதரவு எதிலிருந்து பிறக்கிறது? இது தெரிந்தால் அடுத்த தேர்தலில் நம் வாக்கையும் தெளிவாகப் போடலாம், நம் உறவையும் காப்பாற்றிக்கொள்ளலாம்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்திக் கொள்வோம். நஜிப் நம் பகாங் மாநிலத்தவர். 1953ஆம் ஆண்டு, நமக்கு அடுத்துள்ள கோலாலிப்பிஸில் பிறந்தவர். தந்தை துன் அப்துல் ரசாக் நாட்டின் இரண்டாவது பிரதமர். தந்தை மறைந்ததும் 1976இல் பெக்கான் தொகுதியில் வென்று இளம் வயதிலேயே நாடாளுமன்றம் சென்றார். பிறகு பகாங் மந்திரி பெசாராக இருந்தார். 2009 ஏப்ரலில் பிரதமரானார். 2018 மே 9ஆம் தேதி நடந்த 14ஆவது பொதுத் தேர்தலில் அவர் தலைமையில் தேசிய முன்னணி தோற்றது. சுதந்திரம் அடைந்து 61 ஆண்டுகளில் மத்திய அரசு கைமாறியது அதுவே முதல் முறை.

தோல்விக்குப் பெரிய காரணம் 1எம்.டி.பி. விவகாரம். அந்த அரசு நிறுவனத்திலிருந்து 450 கோடி அமெரிக்க டாலர் முறைகேடாக வெளியேறியது என்று அமெரிக்க நீதித்துறை கூறியது. எஸ்.ஆர்.சி. நிறுவனத்தின் 4 கோடியே 20 லட்சம் வெள்ளி தொடர்பான வழக்கில் 2020 ஜூலையில் நஜிப் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. 12 ஆண்டு சிறையும் 21 கோடி வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. 2022 ஆகஸ்ட் 23ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்ய, அன்றே அவர் காஜாங் சிறைக்குச் சென்றார். 2024இல் மன்னிப்பு வாரியம் சிறைத்தண்டனையை 6 ஆண்டாகவும் அபராதத்தை 5 கோடி வெள்ளியாகவும் குறைத்தது. 2025 டிசம்பரில் 1எம்.டி.பி. வழக்கிலும் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனக் கண்டு 15 ஆண்டு சிறை விதித்தது.

இவ்வளவும் ஒரு பக்கம். மறு பக்கத்தையும் பாருங்கள். 2018இல் கட்சி தோற்றாலும் பெக்கானில் நஜிப் பெரும் வித்தியாசத்தில் வென்றார். வழக்குகள் தொடங்கிய பிறகு அவர் போகுமிடமெல்லாம் கூட்டம் கூடியது. 2022 மார்ச்சில் ஜொகூர் மாநிலத் தேர்தலில் அவர் பிரசாரம் செய்தார். தேசிய முன்னணி 56 இடங்களில் 40ஐ வென்றது. அப்போது முதல் வழக்கின் தீர்ப்பு வந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

இதற்குப் பலரும் சட்டென்று சொல்லும் விடை இரண்டு. ஒன்று, "காசு வாங்கிக்கொண்டு போடுகிறார்கள்." மற்றொன்று, "விவரம் தெரியாதவர்கள்." இந்த இரண்டு விடையும் சரிதானா என்று பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் கேமரன் மலைத் தொகுதியே போதும்.

2018 பொதுத் தேர்தலில் இங்கே தேசிய முன்னணியின் ம.இ.கா. வேட்பாளர் 10,307 வாக்குகளும் ஜ.செ.க.வின் எம். மனோகரன் 9,710 வாக்குகளும் பெற்றார்கள். வித்தியாசம் 597தான். ஒராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று வழக்குப் போடப்பட்டது. அது நிரூபணமானதால் 2018 நவம்பர் 30ஆம் தேதி தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்துச் செய்தது. 2019 ஜனவரி 26ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. புதிய அரசின் அமைச்சர்கள் மலையேறி வந்தார்கள். நஜிப்பும் பிரசாரத்தில் கலந்துகொண்டார்.

முடிவு என்ன? காசுதான் காரணம் என்றால், காசு அம்பலமான பிறகு வாக்கு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. தேசிய முன்னணியின் ரம்லி முகமட் நோர் 12,038 வாக்குகள் பெற்றார். மனோகரனுக்கு 8,800 கிடைத்தது. 597 ஆக இருந்த வித்தியாசம் 3,238 ஆனது. இத்தனைக்கும் முந்திய தேர்தலைவிட அன்று வாக்களிக்க வந்தவர்கள் குறைவு. முந்திய தேர்தலில் 3,587 வாக்குகள் பெற்ற பாஸ் கட்சி இம்முறை போட்டியிடாமல் தேசிய முன்னணியை ஆதரித்தது என்பது உண்மை. அதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனாலும், காசு மட்டுமே வாக்கை நடத்துகிறது என்ற விடை இங்கே நிற்கவில்லை.

அறியாமை என்ற விடையும் நிற்காது. 1எம்.டி.பி. பற்றி 2018க்குள் தெரியாத வீடு ஏது? மக்கள் அதைத் தெரிந்துகொண்டே வேறு எதையோ எடை போட்டார்கள். அவர்கள் தராசில் என்னென்ன இருந்தன? நாம் நான்கு பொருள்களைப் பார்க்கிறோம்.

முதலாவது, அடுப்படிக் கணக்கு. 2012இல் மாதம் 3,000 வெள்ளிக்குக் குறைவான வருமானமுள்ள குடும்பங்களுக்கு 500 வெள்ளி கொடுக்கும் பிரிம் திட்டம் வந்தது. 2013 ஜனவரியில் நாட்டின் முதல் குறைந்தபட்சச் சம்பளம் நடப்புக்கு வந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. பிரட்டுக்கு நின்று நாட்கூலியை எண்ணிப் பழகிய குடும்பத்திற்கு இவை சின்ன விஷயமல்ல. அந்த 500 வெள்ளியில் பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை வாங்கியதை ஒரு தாய் மறப்பாளா?

அதே அரசு 2015 ஏப்ரலில் 6 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியையும் போட்டது. அந்த வரியும் அதே அடுப்படியிலிருந்துதான் போயிற்று. ஆனால் கொடுத்த பணம் மொத்தமாகக் கையில் வந்தது. எடுத்த பணம் ஒவ்வொரு கடைச் சீட்டிலும் சென் சென்னாகப் போயிற்று. மொத்தமாக வந்தது நினைவில் நிற்கிறது. சில்லறையாகப் போனது நினைவில் நிற்பதில்லை. அரசியல் தெரிந்தவர்களுக்கு இந்த நுட்பம் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, மரியாதை. வயிறு மட்டும் வாக்களிப்பதில்லை, மானமும் வாக்களிக்கிறது. நம் இனத்தின் அனுபவத்தையே எடுத்துக்கொள்வோம். 2007 நவம்பர் 25ஆம் தேதி இண்ட்ராப் பேரணியில் ஆயிரமாயிரம் இந்தியர்கள் கோலாலம்பூர் சாலைகளில் கூடினார்கள். அவர்கள் மீது கண்ணீர்ப் புகை பாய்ந்தது. 2008 மார்ச் தேர்தலில் நம் மக்களின் கோபம் வாக்குப் பெட்டியில் தெரிந்தது. ம.இ.கா. தலைவர் சாமிவேலுவே சுங்கை சிப்புட்டில் தோற்றார். அடுத்த ஆண்டு பிரதமரான நஜிப் என்ன செய்தார்? 'நம்பிக்கை' என்ற நம் தமிழ்ச் சொல்லையே தம் மேடைச் சொல்லாக்கினார். தைப்பூசத்தன்று பத்துமலைக்கு வந்தார். 2010இல் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கோடு பிரிக்ஃபீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார். குடியுரிமைப் பத்திரச் சிக்கல், வேலை வாய்ப்பு, நிலம் ஆகியவை இவற்றால் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் புறக்கணிக்கப்பட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பார். அது மனித இயல்பு.

நம் மலையில் ஒராங் அஸ்லி மக்களுக்கும் அதுவே நடந்தது. இத்தொகுதியின் வாக்காளர்களில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்கள் அவர்கள். இடைத்தேர்தலில் நின்ற ரம்லி அவர்களில் ஒருவர். ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி. அவர் வென்றபோது, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஒராங் அஸ்லி ஆனார். இந்த மண்ணின் மூத்த குடி, நாடு சுதந்திரமடைந்து 61 ஆண்டுகள் கழித்துத் தம்மவர் ஒருவரை மக்களவைக்கு அனுப்ப வாய்ப்புக் கிடைத்தால் விடுமா? அந்த வாக்கை நஜிப்புக்குப் போட்ட வாக்கு என்று மட்டும் எழுதிவிட முடியாது.

அந்தக் காலத்தில்தான் 'மாலு ஆப்பா, போஸ்கு' என்ற சொல் நாடெங்கும் பரவியது. 'வெட்கப்பட என்ன இருக்கிறது, முதலாளி' என்பது அதன் பொருள். பிரதமரின் மகனாகப் பிறந்து இங்கிலாந்தில் படித்தவர், மோட்டார் சைக்கிளில் ஏறி, சாதாரணப் பையன்களோடு படமெடுத்துக்கொண்டார். கடனும் வேலையில்லாத் திண்டாட்டமுமாகத் தலை குனிந்து நடக்கும் ஓர் இளைஞனுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும்? 'எல்லாரும் ஏசும் இவரே தலை நிமிர்ந்து நடக்கிறார். நான் ஏன் குனிய வேண்டும்?' என்று கேட்டிருக்கும். அவரை ஏசியவர்கள் தன்னையும் ஏசியதாகவே அவன் எடுத்துக்கொண்டான். அதனால்தான் ஏச ஏச ஆதரவு கூடியது.

மூன்றாவது, அச்சம். இதைச் சொல்லும்போது நாம் சற்று நிதானிக்க வேண்டும். 2013 பொதுத் தேர்தலில் தேசிய முன்னணி நாடெங்கும் பதிவான வாக்குகளில் 47 விழுக்காட்டைத்தான் பெற்றது. ஆனால் 133 இடங்களோடு ஆட்சியைத் தக்கவைத்தது. அந்த இரவு நஜிப் அந்த முடிவை 'சீனச் சுனாமி' என்று வருணித்தார். நகரத்து மலாய்க்காரரும் இந்தியரும் மாற்றி வாக்களித்திருந்தார்கள். ஆனாலும் பழி ஓர் இனத்தின் மேல் விழுந்தது. கம்போங் ராஜாவில் நமக்கு இது எவ்வளவு அபாயமான பேச்சு என்று தெரியும். காய்கறித் தோட்டம் சீனருடையது, லாரி ஓட்டுவது தமிழர், மருத்துவத் தாதி மலாய்ப் பெண். காலையில் ஒன்றாக வேலை செய்பவர்களை ஒரே சொல் சந்தேகக் கண்ணோடு பார்க்க வைத்துவிடும்.

2018 இறுதியில் அச்சம் மறுபடியும் மூண்டது. இன ஒதுக்கலை ஒழிக்கும் அனைத்துலக ஒப்பந்தமான ஐசெர்ட்டில் புதிய அரசு கையெழுத்திடும் என்ற பேச்சு எழுந்தது. மலாய்க்காரரின் உரிமை போய்விடும் என்று பலர் நம்பினார்கள். அரசு பின்வாங்கிய பிறகும் டிசம்பர் 8ஆம் தேதி கோலாலம்பூரில் மாபெரும் பேரணி நடந்தது. அதற்கு முந்திய மாதம் சுபாங் ஜெயா சீஃபீல்டு கோயிலில் நடந்த கலவரத்தில் காயமுற்ற தீயணைப்பு வீரர் முகமட் அடிப், டிசம்பரில் உயிரிழந்தார். அந்தத் துயரமும் இனக் கண்ணாடி வழியாகவே பார்க்கப்பட்டது. பயந்தவன் பழகிய வாசலைத்தான் தட்டுவான். கேமரன் மலை இடைத்தேர்தல் அடுத்த மாதம் வந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காவது, ஏமாற்றம். ஒரு தலைவருக்கு விழும் வாக்கில் பாதி, அவருக்கு எதிரே நிற்பவர்கள் சேர்த்துக் கொடுப்பது. பக்காத்தான் ஹராப்பான் அரசு சொன்னபடி ஜி.எஸ்.டி.யை 2018 ஜூனில் சுழியமாக்கியது. செப்டம்பரில் விற்பனை சேவை வரி திரும்ப வந்தது. விலை இறங்கும் என்று காத்திருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. ஐந்தாண்டில் 1,500 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் என்பது தேர்தல் வாக்குறுதி. முதலில் அறிவித்தது 1,050 வெள்ளி. எதிர்ப்பு எழுந்ததும் அது 1,100 ஆயிற்று. ஐம்பது வெள்ளி உயர்வு என்றதும் தோட்டத்து வீடுகளில் என்ன பேசிக்கொண்டோம் என்பது நமக்கே தெரியும். அதே நேரத்தில் செம்பனை விலையும் ரப்பர் விலையும் விழுந்துகிடந்தன. அரசு செய்த நல்லவையும் இருந்தன. ஆனால் வெறும் பையோடு பசாருக்குப் போகிறவரிடம் நிறுவனச் சீர்திருத்தம் பற்றிப் பேசினால் காதில் ஏறாது.

பிறகு 2020இல் கோவிட் வந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீடுகள் முடங்கின. அப்போது நஜிப், ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்க விடுங்கள் என்று சமூக ஊடகத்தில் எளிய சொற்களில் விடாமல் எழுதினார். முதுமைக்கென்று சேர்த்த பணம் கரைவது நல்லதா என்பது வேறு கேள்வி. ஆனால் அரிசிக்கு வழியில்லாதவருக்கு, 'நம் கஷ்டத்தைப் பேசுகிறவர் இவர்' என்ற எண்ணம் வந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பக்கத்துத் தாய்லாந்தைப் பாருங்கள். 2001இல் பிரதமரான தக்சின் சினவாத்ரா, 30 பாட் கொடுத்தால் மருத்துவம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். அவர் மீது அதிகார முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன. 2006இல் இராணுவம் அவரைக் கவிழ்த்தது. அவர் வெளிநாட்டில் இருந்தபோதும், 2007 தேர்தலிலும் 2011 தேர்தலிலும் அவர் பக்கத்துக் கட்சிகளே வென்றன. வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள விவசாயிகள் அந்த 30 பாட்டை மறக்கவில்லை. பாங்காக் நகரத்தார் அவர்களை அறிவிலிகள் என்று ஏசினார்கள். ஏசியதால் ஒரு வாக்கும் மாறவில்லை. நாடுதான் இரண்டு நிறச் சட்டைகளாகப் பிரிந்து நின்றது.

ஆனால் நேயர்களே, அன்பு என்பது அடிமைச் சீட்டல்ல. அதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஜொகூர் வெற்றிக்குப் பின், 2022 நவம்பர் பொதுத் தேர்தலில் தேசிய முன்னணி நாடு முழுவதும் 30 இடங்களையே பெற்றது. ஒரு தலைவரை விரும்பியவர்களில் பலர் கட்சிக்கு வாக்களிக்கவில்லை. மக்கள் ஒவ்வொரு முறையும் தராசைத் திரும்ப எடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்போது நம் மேசைக்குத் திரும்புவோம். அங்கே இரண்டு தரப்பும் ஒவ்வொரு தவறு செய்கின்றன.

எதிர்க்கிறவர் செய்யும் தவறு, ஆதரிப்பவரை மடையர் என்று நினைப்பது. அவர் தராசில் சம்பளமும் சீருடையும் மானமும் பயமும் இருக்கின்றன. அவற்றுக்கு விடை சொல்லாமல் குற்றப் பட்டியலை மட்டும் வாசித்தால் அவர் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார்.

ஆதரிப்பவர் செய்யும் தவறு, உதவியையும் உதவியை அறிவித்தவரையும் ஒன்றாக்கிவிடுவது. பிரிம் பணத்தின் கதையைக் கேளுங்கள். 2019இல் அதற்கு பி.எஸ்.எச். என்று பெயர். 2021இல் பி.பி.ஆர்., 2022இல் பி.கே.எம்., 2023 முதல் எஸ்.டி.ஆர். பிரதமர்கள் மாறினார்கள், பெயர் மாறியது, பணம் நிற்கவில்லை. ஏன்? அது எந்தப் பிரதமரின் சட்டைப் பையிலிருந்தும் வந்ததல்ல. நாம் வாங்கும் சோப்பிலும் பற்பசையிலும் வரி கட்டுகிறோம். நாட்டின் எண்ணெயும் மரமும் நமக்கும் சொந்தம். அந்தக் கருவூலத்திலிருந்து வந்த பணம் அது. குறைந்தபட்சச் சம்பளமும் அப்படியே. 900 வெள்ளியில் தொடங்கியது 2022இல் 1,500 ஆகி, 2025இல் 1,700 ஆகியிருக்கிறது. இடையில் எத்தனை அரசுகள்! தோட்டத் தொழிலாளர்கள் மாதச் சம்பளம் கேட்டுப் பல்லாண்டு போராடிய பின் வந்த சட்டம் அது. பிச்சையாக வந்ததென்றால் கொடுத்தவர் காலில் விழலாம். உரிமையாக வந்ததற்கு நன்றி சொன்னால் போதும். கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. கருவூலம் நம்முடையது என்றால், அதிலிருந்து களவு போவதும் நம் வீட்டில் களவு போவதுதான்.

ஆகவே, எந்தத் தலைவர் வந்து நின்றாலும் நாம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இவர் கொடுத்ததாகச் சொல்வது சட்டமாக நிற்குமா, அடுத்த தேர்தலோடு போய்விடுமா? இவர் நம்மை மதிக்கிறார் என்றால் பக்கத்து வீட்டுக்காரரையும் மதிக்கிறாரா, அல்லது அவரைக் காட்டி நம்மைப் பயமுறுத்துகிறாரா? தவறு செய்தால் இவரைக் கேள்வி கேட்க நீதிமன்றமும் பத்திரிகையும் நாடாளுமன்றமும் இருக்க இவர் இடம் விடுவாரா? இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் கிடைத்தால், பிறகு உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது உங்கள் உரிமை. வாக்குச் சாவடியில் திரைக்குப் பின்னால் உங்களோடு கங்காணியும் இல்லை, கட்சிக்காரரும் இல்லை.

2021 டிசம்பர் முதல் 18 வயது நிறைந்தவர்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் சிங்கப்பூரிலும் ஈப்போவிலும் வேலைக்குப் போயிருந்தாலும், அவர்கள் வாக்கு இந்த மலையில்தான் இருக்கலாம். பெரியவர்கள் நாம் மேசையில் எப்படிப் பேசுகிறோமோ, அதைத்தான் அவர்கள் அரசியல் என்று கற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்த முறை மச்சானோடு தே குடிக்கும்போது, 'அவரை ஏன் ஆதரிக்கிறாய்?' என்று கேட்காதீர்கள். 'அப்போது உன் வீட்டில் என்ன இருந்தது, இப்போது என்ன குறைகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும். அந்தப் பதிலில் உங்கள் வீட்டுக் குறையும் கலந்திருக்கும். அந்தக் குறையைத் தீர்ப்பது எப்படி என்று இரண்டு பேரும் சேர்ந்து பேசத் தொடங்கினால், எந்தத் தலைவராலும் அந்த மேசையைப் பிரிக்க முடியாது.